பதினோரு வரி

இரவு இரண்டு பதினேழு.
திருமுருகன்பூண்டிப் பக்கம்
குழாய்க்குக் குழி தோண்டிய ஜேசிபி
மயிர் கனக் கண்ணாடி இழையைக் கிள்ளிப் போட்டது.
ஓட்டுகிறவனுக்கு அது ஏதோ வேர்.
லைன் இரண்டு வாங்கியிருந்தோம், இரண்டு கம்பெனியிடம்.
இரண்டும் ஒரே குழியில் போவது
அன்றைக்குத்தான் தெரிந்தது.

எங்களுடையது மூன்று கணு.
திருப்பூரில் ஒன்று, கம்பெனி மாடியில். எழுதுவது அது.
சரவணம்பட்டியில் ஒன்று,
ஒரு மூச்சு பிந்தி அதைப் பார்த்து எழுதும்.
மூன்றாவது பெருந்துறையில், எடைமேடை ஆபீஸ் மேசைக்கடியில்,
செருப்புப் பெட்டி அளவு.
அதனிடம் ஒரு பனியன் கணக்கும் கிடையாது.
ஓட்டு மட்டும் உண்டு.

இதயத்துடிப்பு என்று மேனுவல் சொல்லும்.
எனக்குக் கேட்பது இப்படி:
இருக்கறயா?
இருக்கறன்.
இருக்கறயா?
இருக்கறன்.
விநாடிக்கொரு தரம்.
என்ற வீட்டுக்காரரும் நானும்
வருசத்துக்கே இத்தனை கேட்டுக்கொண்டதில்லை.

இருக்கறயா?

இருக்கறயா?

செத்ததும் வழி அறுந்ததும்
இந்தக் கரையிலிருந்து பார்க்க ஒரே இருட்டு.
சரவணம்பட்டி பெருந்துறையைக் கேட்டது.
"எனக்கும் கேக்கல" என்றது செருப்புப் பெட்டி.
இரண்டு ஓட்டு. பேனா கை மாறியது.

நான் அனுப்பர்பாளையத்தில், தலையணைக்கடியில் போன் அதிர,
எழுந்து உட்கார்ந்து பயந்தது வேறொன்றுக்கு:
திருப்பூரும் தன்னைத்தான் தலை என்று நினைத்துக்கொண்டு
எழுதிக்கொண்டே போனால்?
ஒரே டோக்கனுக்கு இரண்டு கூலி, இரண்டு உண்மை.
பங்கு பிரிந்த வீட்டில்கூட அப்படி நடக்காது.

அது மானமுள்ள மெஷின்.
முப்பது விநாடி பொறுத்துப் பார்த்தது,
தன்னிடம் ஒரே ஓட்டு என்று எண்ணியது,
பேனாவை மூடி வைத்தது.
அந்த முப்பதுக்குள்
பதினோரு வரி எழுதிவிட்டிருந்தது.

ஐந்தரைக்கு இழையை ஒட்டினார்கள்.
ஸ்கூட்டியில் போய்ச் சேர்ந்தேன்.
திருப்பூர் திரும்ப வர ஒரு வழிதான்:
பிரிந்த இடம்வரை பின்னால் நடந்து
எழுதியதை அழித்து
இனி பார்த்து எழுத வேண்டும்.
"ஒப்பந்தப்படி ஏற்கக்கூடிய இழப்பு, அமுக்கிருங்க" என்று
மேனேஜர் கோகுலநாதன் செய்தி அனுப்பியிருந்தார்.
ஒரு பட்டன்.

திறந்து பார்த்தேன்.
செக்கிங், நாலாம் மேசை.
மினோதி நாயக், நாற்பத்தெட்டு பீஸ்.
பழனாத்தாள், முப்பத்தாறு பீஸ்.
இன்னும் ஒன்பது. விடிந்தால் சனிக்கிழமை, வாரக்கூலி.

தாளில் எழுதிக்கொண்டு இறங்கினேன்.
டியூப்லைட்டைச் சுற்றிப் பஞ்சு பறந்தது.
"ஏனுங், கம்ப்யூட்டரு தப்பா எழுதிப்போட்டுதுங்களா?"
"சரியாத்தானுங்க எழுதுச்சு. யாருக்கும் கேக்கல."
பழனாத்தாள் மேசை ஓரத்துத் துணியை விலக்கினார்.
சாக்பீஸ் கோடுகள், ஐந்தைந்தாகக் குறுக்கே வெட்டி.
"எதுக்கும் இங்கயும் போட்டுக்குவமுங்க."

பத்துப் பேருக்கும் ஒத்துப்போனது.
பழனாத்தாளுக்கு மட்டும்
என் தாளில் முப்பத்தாறு,
மேசையில் நாற்பது.
அவர் என்னைப் பார்த்தார். நான் அவரை.
மினோதிதான் கட்டை அவிழ்த்து
தரையில் பரப்பி எண்ணினாள், ஒடியாவில், சத்தமாக.
முப்பத்தெட்டு.

மூவரும் சிரித்துவிட்டோம்.

பதினோரு வரியையும்
சரவணம்பட்டியில் கையால் அடித்தேன்.
அப்புறம் அமுக்கினேன்.
திருப்பூர் பின்னால் நடந்து வந்து
கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தது.
இருக்கறயா?
இருக்கறன்.

அறிக்கையில் தடை முப்பத்தொரு விநாடி,
இழப்பு இல்லை என்று எழுதினேன்.
முப்பத்தெட்டுக்கு அதில் கட்டம் இல்லை.
மத்தியானம் மங்கலம் ரோடு வழியாக
இன்னொரு லைன் கேட்டுக் கடிதம் போட்டேன்,
எந்தக் குழியில் வரும் என்றும் கேட்டு.